அடிக்கோடு போட்ட எண்கள்

கடலின் வரைபடம் ராஜபாளையத்துக்கு வருகிறது என்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் பக்கம் மேற்கே மலை, கிழக்கே கரிசல். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் அரை நாள் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், பஞ்சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்த எங்கள் டேட்டா என்ட்ரி சென்டருக்கு ஒருவர் பெட்டி நிறையக் கடலைக் கொண்டுவந்து இறக்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மற்றவர்களுக்கு வரவில்லை. எனக்கு வந்தது.

சந்தேகம் என்கூடப் பிறந்தது. பால்கோவா வாங்கினால் பொட்டலத்தைப் பிரித்து, மேலே இருப்பதும் அடியில் இருப்பதும் ஒன்றுதானா என்று கடை வாசலிலேயே பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வருகிற தபால்காரரைக்கூட ஏற இறங்கப் பார்ப்பார். அவர் ரத்தம் என் அக்காவை விட்டுவிட்டு மொத்தமாக என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று அம்மா சொல்வாள்.

அது எண்பதுகளின் கடைசி. கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சென்டரில் மூன்று கம்ப்யூட்டர்கள், நானும் இரண்டு பெண்களும். நான் சூப்பர்வைசர். பஞ்சாலைகளிலிருந்து உற்பத்தித் தாள்கள் வரும். எந்த ஷிப்டில், எந்த மெஷினில் எத்தனை கிலோ நூல், எத்தனை தடவை இழை அறுந்தது என்று பத்திபத்தியாக எழுதியிருக்கும். அவற்றை நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். பஞ்சுத் தூசி மெஷினுக்கு ஆகாது என்பதால் செருப்பை மாடிப்படியிலேயே விட வேண்டும், சேலைத் தலைப்பை உதறிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இதெல்லாம் நான் போட்ட சட்டங்கள். இன்னொன்றும் போட்டிருந்தேன். உற்பத்தித் தாளில் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் கூட்டுத்தொகையை எழுதி அடியில் கோடு இழுத்திருப்பார்கள். கூட்டலை மெஷினே போட்டுக்கொள்ளும். ஆகவே அடிக்கோடு கண்டால் அதைத் தாண்டிப் போய்விட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் கூட்டுத்தொகையையும் சேர்த்து அடித்து ஒரு ஆலையின் உற்பத்தியை இரண்டு மடங்காக்கிய பிறகு, அதை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

கடலைக் கொண்டுவந்தவர் எங்கள் முதலாளிக்கு அக்கா மாப்பிள்ளை. அவருக்கும் சொந்த ஊர் ராஜபாளையம்தான், ஆனால் சென்னையில் ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. முதலாளி அவரைப் 'பாவா' என்று கூப்பிடுவார். இரண்டு பேரும் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. நான் உள்ளே நுழையும்போது அவர்கள் பேச்சை நிறுத்தினால் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைப்பேன். நிறுத்தாவிட்டால், நான் இருக்கும்போதே பேசுகிறார்களே என்று நினைப்பேன்.

பெட்டியில் இருந்தவை வரைதாள்கள். ஒவ்வொரு தாளிலும் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு எண்.

"இதெல்லாம் ஆழம்மா. வரிசை நம்பர், பத்தி நம்பர், அப்புறம் கட்டத்துல இருக்கிற எண். அம்புட்டுதான் அடிக்கணும்" என்றார் பெட்டியைக் கொண்டுவந்தவர்.

"எதோட ஆழம் சார்?"

"கடலோட ஆழம்."

"இதை மெட்ராஸ்ல அடிக்க ஆள் இல்லையா? ராஜபாளையத்துக்கா தூக்கிட்டு வரணும்?"

முதலாளி என்னை முறைத்தார். வந்தவர் சிரித்தார். சென்னையில் வரிசையில் காத்திருந்தால் ஆறு மாதம் ஆகும், மற்ற கரைகளை அங்கேயே முன்பு அடித்து வாங்கிவிட்டேன், இந்த ஒரு துண்டு மட்டும் இங்கே சீக்கிரம் முடியும் என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதில் கேட்டால் எனக்குச் சந்தேகம் கூடும்.

அவர் சொன்ன துண்டு பாக் நீரிணைக் கரை. இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கரையில் ஒரு படகு தட்டி நின்றாலே போலீஸ் போகும். அன்று மாலை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஏட்டி, கடற்கரை மேப்ப வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாராம்?"

"புயல் வந்தா தண்ணி எம்புட்டுத் தூரம் ஏறும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடப் போறாராம்."

"புயலு என்ன, இவருகிட்டச் சொல்லிட்டா வரும்?"

மறுநாள் அப்பா என்னோடு பஸ் ஏறினார். வன்னியம்பட்டி விலக்கு தாண்டுகிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்படி இருந்தால் விசாரணைக்குத் தயாராகிறார் என்று அர்த்தம். சென்டரில் நேராக அந்த மனிதர் முன்னால் போய் உட்கார்ந்து, அடையாள அட்டை கேட்டார், அலுவலகக் கடிதம் கேட்டார், கடிதத்தில் இருந்த முத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அந்த மனிதர் கோபப்படவே இல்லை. ஒரு தாளை எடுத்து விளக்க ஆரம்பித்தார்.

புயல் காற்று கடலைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. ஆழமான கடலாக இருந்தால் தள்ளிய நீர் அடியில் திரும்பிப் போய்விடும். ஆழமில்லாத கடலில் திரும்ப வழியில்லை, ஏறிக்கொண்டே போகும். இதைச் சொன்னதும் எனக்கு எங்கள் பெரிய கண்மாய் ஞாபகம் வந்தது. கார்த்திகையில் நிறைந்து கிடக்கும்போது வாடைக்காற்று விடாமல் அடித்தால் எதிர்க்கரையில் தண்ணீர் ஏறி நிற்கும், இந்தப் பக்கம் ஒரு படி இறங்கியிருக்கும். ஆக, மனிதர் முழுப் பொய் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டேன், மனதுக்குள்.

கம்ப்யூட்டர் கடலைக் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எவ்வளவு, ஆழம் எவ்வளவு, பக்கத்துக் கட்டத்திலிருந்து எவ்வளவு நீர் வருகிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குப் போடுகிறது. முன்பெல்லாம் ஒரு கட்டத்துக்குள் ஒரு தாலுகாவே அடங்கும். அதைவிடப் பெரிய குறை, கரை வந்ததும் அங்கே ஒரு சுவர் நிற்பதாக வைத்துக்கொள்வார்கள். நீர் சுவரில் மோதி உயரும், உள்ளே போகாது. நிஜத்தில் கடற்கரையில் ஏது சுவர்? இவருடைய புதிய முறையில் கட்டங்கள் சிறியவை, சுவரும் கிடையாது. நீர் தரைக்குள் ஏறும், கட்டம் கட்டமாக நனைத்துக்கொண்டு போகும், பிறகு வடியும். அதைக் கணக்காக எழுதி முடிக்க அவருக்கு நாலு வருஷம் ஆனதாம். ஒரு புயலைப் போட்டுப் பார்க்க மெஷினுக்கு ஒரு பகல் முழுக்க வேண்டுமாம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முகத்தை மாற்றாமல், தன் சொந்த விஷயத்துக்கு வந்தார்.

"எம் மூத்த மக அந்தக் கரையிலதான் வாக்கப்பட்டிருக்கா. மாப்பிள்ள அங்க பள்ளிக்கூட வாத்தியார். வீடு கட்டப் போறாக. கடலுக்கு அரை மைல்தான். அங்க தண்ணி வருமா, வராதா? உங்க மெஷின் அதச் சொல்லுமா?"

"ஊர்ப் பேரைச் சொல்லுங்க. கணக்கு முடிஞ்சதும் அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சொல்றேன்" என்றார் அவர்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடல் என்றால் அக்கா வீடு என்று ஆகிவிட்டது. அத்தான் வாங்கியிருந்த மனை தாழ்வான இடம். மழைக்கே தண்ணீர் நிற்கும் என்று அக்கா எழுதியிருந்தாள். அஸ்திவாரத்தை உயர்த்திக் கட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை, அது அநாவசியச் செலவு என்பது அத்தான் கட்சி. அறுபதுகளில் புயலுக்குப் பிறகு அந்தக் கரைக்குப் பந்தோபஸ்துக்குப் போனபோது பார்த்ததை அப்பா ஒருநாளும் எங்களிடம் விவரமாகச் சொன்னதில்லை. "தண்ணி வந்த ஊரு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். இரண்டு குழந்தைகளோடு அக்கா அங்கே இருந்தாள்.

நாங்கள் அடிக்க ஆரம்பித்தோம். எங்கள் சென்டரில் ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். மெஷின் இரண்டையும் ஒப்பிட்டு, எங்காவது வேறுபட்டால் கூவும். அதனால் எங்கள் வேலையில் தப்பு வராது என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்குள் கடல் முழுவதையும் ஃப்ளாப்பிகளில் ஏற்றிக் கொடுத்தோம். அவர் எடுத்துக்கொண்டு சென்னை போனார். அந்த வரைதாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு மாதம் கழித்துச் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்காக அவர் ஊருக்கு வந்தார். கையில் இரண்டு தடித்த சுருள்கள். ஓரத்தில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் காகிதம். முகத்தில் நல்ல சந்தோஷம்.

"உங்க அக்கா ஊருக்குத் தண்ணி வராதும்மா. பெரிய புயலாவே போட்டுப் பார்த்துட்டேன். கரையோட நின்னுருது. அங்க மணல் மேடு இருக்கும்போல. உங்கப்பாட்டச் சொல்லிருங்க" என்றார்.

அக்கா ஊர்க் கட்டத்தை விரலால் காட்டினார். பூஜ்யம். என் கண்ணால் பார்த்தேன். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, அத்தனை சந்தேகப்பட்டேனே, நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். நான் அப்படி நினைப்பது அபூர்வம். அப்பாவிடம் சொன்னேன். அப்பாவும் ஆச்சரியமாக, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மனதுக்குப் பிடித்த பதில் வந்தால் போலீஸ்காரரும் விசாரிப்பதில்லை. அன்றே கடிதம் எழுதினார். பத்தாம் நாள் பதில் வந்தது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதால் அஸ்திவாரத்தைத் தரையோடு போட்டுவிட்டோம், அடுத்த வாரம் சுவர் எழுப்புகிறோம் என்று அத்தான் எழுதியிருந்தார்.

அந்த இரண்டு சுருள்களும் என் மேஜையில்தான் கிடந்தன. கல்யாண வேலைகள் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று பழைய முறையில், சுவர் வைத்துப் போட்ட கணக்கு. இன்னொன்று புதியது. சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன்.

சென்னையில் அடித்த கரைகளில் இரண்டும் நன்றாகவே வேறுபட்டன. எங்கள் துண்டில் மட்டும் எல்லா எண்களும் ஒன்றாக இருந்தன. கரை ஓரம் நீர் எவ்வளவு உயரும் என்பது தசமத்துக்குப் பின் இரண்டாம் இலக்கம்வரை ஒன்றேபோல் இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பாகிவிட்டது. ஆலைத் தாள்களில் இதை நான் பிடித்திருக்கிறேன். பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் கிராம் சுத்தமாக ஒரே உற்பத்தி காட்டினால் மேஸ்திரிகளில் ஒருவர் வேலையே பார்க்காமல் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். இவரும் அதைத்தான் செய்திருக்கிறார். எங்கள் துண்டுக்குப் புதிய கணக்கைப் போடாமல் பழையதையே அச்சடித்துக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார். நாலு வருஷம் உழைத்தாராம்! அதை நம்பி என் அக்கா தரையோடு வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் வந்ததும் நிற்க வைத்துக் கேட்டேன்.

"இது எப்படி சார் ரெண்டும் ஒண்ணா இருக்கு?"

"ஒண்ணா இருந்தா நல்லதுதானம்மா? பழைய முறையும் இந்த இடத்துல சரின்னு அர்த்தம்."

"ரெண்டு முறை ரெண்டு பதில் சொல்லும், இல்லாட்டிக் கிட்டத்துல வரும். இது என்ன சார், அச்சுல வார்த்த மாதிரி இருக்கு?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "செத்த நேரம் கழிச்சுப் பேசுவோம்" என்று வெளியே போய்விட்டார். மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அவருக்கு எதிராக முழுசாக ஆதாரம் சேர்க்கலாம் என்று அலமாரியைத் திறந்து வரைதாள்களை எடுத்தேன். அக்கா ஊர் வரும் தாளைத் தேடி விரித்து, நாங்கள் அடித்துக் கொடுத்த பட்டியலோடு வைத்துப் பார்த்தேன்.

தாளில் அக்கா ஊரைச் சுற்றிலும், கரையிலிருந்து உள்ளே போகப் போக, எண்கள் நிறைய இருந்தன. பூஜ்யம் புள்ளி ஐந்து. பூஜ்யம் புள்ளி எட்டு. ஒன்று. பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த எண்கள் எல்லாவற்றுக்கும் அடியில் சின்னதாக ஒரு கோடு இழுத்திருந்தது.

கடல் வரைபடம் படிப்பவர்களுக்கு அடிக்கோடு போட்ட எண் என்றால் ஆழமில்லை, நீருக்கு மேலே தெரிகிற தரையின் உயரம். அது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் தாளைப் பார்த்த மாத்திரத்தில் ஊகித்துவிட்டேன். சுவரில் என் கையெழுத்தில் அந்த அட்டை. மூன்று பேரும் அடிக்கோடு கண்ட இடமெல்லாம் தாண்டிப் போயிருக்கிறோம். இரண்டு பேர் தனித்தனியாக அடித்தாலும் இருவரும் தாண்டியதால் மெஷின் கூவவில்லை. கரைத் தரை முழுவதும் விட்டுப்போயிற்று. எண் இல்லாத கட்டத்தை ப்ரோக்ராம் பழைய வழக்கப்படி சுவர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. நாலு வருஷம் உழைத்து அவர் இடித்த சுவரை நாங்கள் ஒரே மாதத்தில் திரும்பக் கட்டியிருந்தோம்.

அடுத்த மூன்று நாள் நான் என்ன செய்தேன் என்பதை எழுத எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஒன்றும் செய்யவில்லை. யார்மேல் பழி போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்கள் கேட்டிருக்கலாமே? கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டாமா? சொந்தக்காரர் வேலை என்று முதலாளி ஏன் அவசரப்படுத்தினார்? நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலை முடிந்த தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதுதான் எங்கள் வழக்கம், அவை அடுத்த வாரம் போய்விடும். என்னைத் தவிர அதைத் தோண்டிப் பார்க்கிற சந்தேகப் பிராணி ராஜபாளையத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு நாளும் அக்கா வீட்டுச் சுவர் ஒரு வரிசை ஏறிக்கொண்டிருக்கும். அது மட்டும் இல்லையென்றால் நான் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பேன் என்று அடித்துச் சொல்ல எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை.

நாலாம் நாள், சென்னைக்குக் கிளம்புமுன் சுருள்களை எடுக்க அவர் வந்தபோது தாளை அவர் முன்னால் விரித்துச் சொன்னேன். முதலாளி தெலுங்கில் கத்தினார். அவருடைய பாவா கத்தவில்லை. தாளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கடல் வேலை பாக்கிறவங்களுக்குக் கோடுன்னா தரைம்மா. இதை ஒருத்தருக்குச் சொல்லித் தரணும்னே எனக்குத் தோணல" என்றார். தாளை மடித்தபடி, "பதில் ஒண்ணா வந்தப்ப எனக்கே ஒரு நிமிஷம் இடிச்சுது. சந்தோஷமா இருந்ததால விட்டுட்டேன்" என்றார்.

இரண்டு நாளில் விட்டுப்போன எண்களை மூன்று பேரும் அடித்துக் கொடுத்தோம். அட்டையை நானே கிழித்தேன். அவர் ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது மரியாதையாகத்தான் போனார், ஆனால் பிறகு ஒருநாளும் எங்களுக்கு வேலை அனுப்பவில்லை. மூன்றாம் வாரம் எனக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. அதே புயலைத் திரும்பப் போட்டுப் பார்த்ததாகவும், அக்கா ஊர்க் கட்டத்தில் தண்ணீர் ஏறக்குறைய ஆள் கழுத்தளவு நிற்பதாகவும் எழுதியிருந்தார்.

அப்பாவிடம் காட்டினேன். அவருடைய சந்தேகம் பழையபடி விழித்துக்கொண்டது.

"போன தடவ வராதுன்னாரு, இப்ப வருதுங்காரு. யாரோ அந்த மனைய அடிமாட்டு வெலைக்குக் கேக்கான், அவனுக்கு இவரு ஒத்து ஊதுதாரு" என்றார்.

"அப்பா, தப்பு அவர் பண்ணல."

"நீ சும்மா இரி. உனக்கு ஒண்ணுந் தெரியாது."

கடிதம் போட்டால் அத்தான் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார் என்று தெரியும். லீவு போட்டுவிட்டு, மதுரை போய் பஸ் மாறி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. வீட்டின் வாசலில் நின்றால் கடல் தெரியவில்லை, ஆனால் அதன் சத்தம் கேட்டது. அத்தான் கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா செங்கல் அடுக்கின்மேல் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடிதத்தைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்கோடு, அட்டை, ஒன்று விடாமல்.

அத்தான் சிரித்தார். "போன மாசம் வராதுன்னு சொன்ன மெஷினு இந்த மாசம் வரும்னா, அடுத்த மாசம் என்ன சொல்லும்? நீங்க ஒரு முடிவுக்கு வாங்க, நான் பொறவு அஸ்திவாரம் போடுதேன்."

"மெஷின் மேல தப்பு இல்ல அத்தான். தப்பு என் மேலதான். நான் போட்ட சட்டம். நான்தான் எல்லாத்தையும் விட்டுட்டேன்."

கொத்தனாரும் சிரித்தார். அக்கா அந்தக் கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள், ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம், சரியான எண்ணைக் கொண்டுபோனபோது ஒருவர்கூட நம்பவில்லை, தப்பான எண்ணை மட்டும் எப்படி அத்தனை பேரும் கை நீட்டி வாங்கிக்கொண்டோம் என்று பொருமிக்கொண்டே வந்தேன்.

பின்னால் தெரிந்தது. அஸ்திவாரம் தரையோடுதான் இருந்தது, அதை மாற்ற முடியவில்லை. ஆனால் வீட்டுக்கு மேலே ஒரு அறையும், அதற்குக் கான்கிரீட்டில் ஒரு மாடிப்படியும் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாளாம். ஓட்டு வீடு போதும் என்றிருந்த அத்தானோடு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். எதற்கு மாடி என்று கேட்டவர்களிடம் வத்தல் காயப்போட என்றாளாம். ஒற்றை அறையோடு அந்த மாடி அந்தத் தெருவிலேயே ஒன்றுதான் இருந்தது. கேலி செய்யாத ஆள் இல்லை.

தொண்ணூறுகள் வந்தன. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானேன். முன்பு ஒரு பகல் ஓடிய அந்தக் கணக்கு இப்போது மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது, புயல் கடலில் இருக்கும்போதே பாதையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள், கட்டங்கள் இன்னும் சிறியதாகிவிட்டன, ஒரு தெருவைக்கூடப் பிரித்துக் காட்டும் என்று பழைய முதலாளி எப்போதாவது பஸ்ஸில் பார்த்தால் பெருமையாகச் சொல்வார். யார் உட்கார்ந்து எண்களை அடிக்கிறார்கள் என்று நான் கேட்பேன். அவருக்குப் பிடிக்காது, பேச்சை மாற்றிவிடுவார்.

அந்தக் கரையில் ஒரு புயல் வந்தது. ரேடியோவில் எச்சரிக்கை சொன்னார்கள். போகச் சொல்லி ஊருக்கு வண்டியும் வந்ததாம். பாதிப் பேர் ஏறினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. இரண்டு நாளாக ஒரு தகவலும் இல்லை. கம்பிகள் எல்லாம் அறுந்து கிடந்தன. அப்பா சாப்பிடவில்லை. பழைய இன்லண்ட் லெட்டரை எங்கிருந்தோ தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார். மூன்றாம் நாள் காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எஸ்.டி.டி. பூத்துக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். ஓடினேன். அக்காதான்.

"தண்ணி வந்துச்சுட்டி. ஜன்னலு முங்கிருச்சு. நாங்க எல்லாரும் மாடியில ஏறிட்டோம். தெருவே எங்க மாடியிலதான் இருந்துச்சு, நிக்க எடமில்ல. ஒக்காந்து முப்பது பேரு, படியில நின்ன ஆளு தனி. அத்தானும் படியிலதான் நின்னாவுக. புள்ளைக எல்லாம் நல்லாருக்கு."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்கு ஒருத்தரும் நம்பலியே அக்கா. நீ மட்டும் ஏன் அந்தக் கம்ப்யூட்டர நம்புன?"

"கம்ப்யூட்டர யாருட்டி நம்புனா?" என்றாள். "அது என்ன எழவுன்னே எனக்குத் தெரியாது. நீ அம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்து, கொத்தனாரு முன்னால நின்னு, 'தப்பு என் மேலதான்'னு சொன்ன பாரு. பொறந்ததுலருந்து உன் வாயில நான் கேக்காத வார்த்த அது. நீயே அப்படிச் சொல்லுதன்னா, கடலு நிச்சயமா வந்துரும்னு நெனச்சேன்."